குழந்தைக்குத் தொக்கமா? நமக்குத் தொக்கமா?



நம் நாட்டில் ஒரு வயதுக் குழந்தை ஒரு வாய்ச் சோற்றைத் துப்பிவிட்டால், அதற்கு எத்தனை காரணங்கள் சொல்லப்படுகின்றன என்று கணக்கெடுத்துப் பார்த்தால் நமக்கே சிரிப்பு வரும். எதிர்வீட்டுக்காரி கண் பட்டுவிட்டது என்பார் ஒருவர். குடல் ஏறிக்கொண்டது என்பார் மற்றொருவர். குலதெய்வத்துக்கு முடி இறக்காத குற்றம் என்பார் பூசாரி. கிரகம் சரியில்லை, பரிகாரம் செய்யவேண்டும் என்பார் ஜோசியர். எல்லாவற்றுக்கும் மேலாக, "தொக்கம் விழுந்திருக்கிறது, எடுத்தால்தான் சரியாகும்" என்பார் பக்கத்து வீட்டுப் பாட்டியார். இத்தனை பேர் இத்தனை காரணம் சொல்லுகிறார்களே ஒழிய, இவர்களில் ஒருவராவது "குழந்தைக்கு இப்போது பசி இருக்கிறதா?" என்று கேட்கிறார்களா என்றால் இல்லவே இல்லை.

இதை நாம் வேடிக்கைக்காக எழுதவில்லை. குஜிலியம்பாறைக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் சென்ற ஆண்டு நாம் நேரில் கண்ட சங்கதியைச் சொல்லுகிறோம். தாயார் வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலை ஒன்றுக்கு ஷிப்டு வேலைக்குப் போகிறவர். தகப்பனார் சரக்கு வண்டி ஓட்டுகிறவர். குழந்தைக்கு ஒன்றே முக்கால் வயது. அப்பத்தாவின் பொறுப்பில் வளருகிறது. "எதைக் கொடுத்தாலும் வாயை மூடிக்கொள்ளுகிறது, நாளுக்கு நாள் இளைத்துப் போகிறது" என்று மூன்று தடவை தொக்கம் எடுக்கிறவரிடம் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். மூன்று தடவையும் ஒரு சோற்றுக் கட்டியை எடுத்துக் காட்டி, "இது மூன்று மாதத்துக்கு முன் தின்றது" என்று சொல்லிக் கூலி வாங்கியிருக்கிறார். மூன்று தடவை எடுத்த பிறகும் குழந்தை தின்னவில்லை. உடனே கறுப்புக் கயிறு வந்தது. கயிற்றுக்குப் பிறகு தாயத்து வந்தது. தாயத்தும் பலிக்காமற் போகவே, கடைசியில் குற்றம் யார் தலையில் விழுந்தது தெரியுமா? "வேலைக்குப் போகிறவள் பெற்ற பிள்ளை இப்படித்தான் இருக்கும்" என்று அந்தத் தாயார் தலையில் விழுந்தது!

அந்தக் குழந்தை ஒரு நாளைக்கு என்னதான் சாப்பிடுகிறது என்று விசாரித்தோம். விடிந்ததும் தேநீரும் இரண்டு பிஸ்கோத்தும். அதற்குப் பின் ஒரு புட்டிப் பால். பத்து மணிக்குக் கடையிலிருந்து ஐந்து ரூபாய்ப் பொட்டலத் தீனி. மத்தியானம் நாலு வாய் ரசஞ்சோறு. அதைத் துப்பினால் மறுபடியும் ஒரு புட்டிப் பால். மாலையில் தேநீரும் வறுக்கியும். இரவு மறுபடியும் பால். இவ்வளவையும் கொடுத்துவிட்டு "ஒன்றுமே தின்னவில்லை" என்கிறார்கள். இந்த வயிற்றில் சோற்றுக்கு இடம் எங்கே இருக்கிறது என்று கேட்கிறோம்.

தொக்கம் என்றால் என்ன?

தொண்டையிலோ வயிற்றிலோ முன்பு தின்ற பண்டம் ஒட்டிக்கொண்டு, செரிக்காமல் மாதக்கணக்கில் கிடக்கிறதாம். அதைக் குழல் வைத்து உறிஞ்சியோ, ஊதியோ, வயிற்றைத் தடவியோ எடுக்கிறார்களாம். உடலின் அமைப்புத் தெரிந்தவர்கள் யாராவது இதை ஒப்புவார்களா? வாயில் போட்ட சோறு உணவுக்குழாய் வழியாகச் சில விநாடிகளில் இரைப்பைக்குப் போய்ச் சேருகிறது. இரைப்பையில் அமிலத்தில் கரைந்து சில மணி நேரத்தில் குடலுக்கு இறங்குகிறது. ஓரிரு நாளில் சக்கை மலமாக வெளியேறிவிடுகிறது. மூன்று மாதத்துக்கு முன் தின்ற சோறு அப்படியே வெள்ளையாக, கட்டியாக, கெடாமல் வருமானால், அந்தக் குழந்தையின் வயிறு வயிறா, அல்லது பனிக்கட்டிப் பெட்டியா? பானையில் கிடக்கும் சோறே இரண்டு நாளில் ஊசிப்போகிறதே!

அப்படியானால் வெளியில் வந்த கட்டி எங்கிருந்து வந்தது? எடுக்கிறவர் வாயிலிருந்தோ கையிலிருந்தோ குழலிலிருந்தோ வந்ததே தவிர, குழந்தையின் வயிற்றிலிருந்து வரவில்லை. வாயை அலம்பிக் கையை விரித்துக் காட்டி, நாம் கொடுக்கிற கண்ணாடிக் குழலில் எடுக்கச் சொன்னால் அன்றைக்குத் தொக்கம் வராது. "நேரம் சரியில்லை" என்ற பதில்தான் வரும்.

நிற்க. உண்மையாகவே ஏதாவது சிக்கிக்கொள்ளுவதே இல்லையா என்று கேட்கலாம். சிக்குவதுண்டு. முழு நிலக்கடலை, காசு, புளியங்கொட்டை முதலியவை மூச்சுக்குழாயில் சிக்குவதுண்டு. ஆனால் அப்போது குழந்தை மாதக்கணக்கில் சோறு மறுத்துக்கொண்டு உட்கார்ந்திராது. அந்த நிமிஷமே புரையேறும், இருமும், மூச்சுத் திணறும், உதடு நீலம் பாரிக்கும். அது ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டிய நேரம். அந்த நேரத்தில் குழல் வைத்து ஊதுகிறவரிடம் போனால் குழந்தையைத் திரும்ப உயிரோடு கொண்டுவருவது சந்தேகம். ஆகவே தொக்கம் எடுப்பது, நோய் இல்லாத இடத்தில் பித்தலாட்டமும், நோய் இருக்கிற இடத்தில் கொலைபாதகமுமாய் முடிகிறது.

ஏன் தின்ன மாட்டேன் என்கிறது?

பிறக்கும்போது மூன்று கிலோ இருந்த குழந்தை ஒரு வருஷத்தில் ஒன்பது கிலோ ஆகிறது. அதாவது முதல் வருஷத்தில் ஆறு கிலோ ஏறுகிறது. இரண்டாம் வருஷத்தில் எவ்வளவு ஏறும்? இரண்டு, இரண்டரை கிலோதான் ஏறும். வளர்ச்சியின் வேகம் குறைந்தால் பசியும் குறையத்தானே செய்யும்? இது இயற்கை. ஆனால் நாமோ, "எட்டு மாதத்தில் கிண்ணம் காலி செய்த பிள்ளை ஒன்றரை வயதில் தின்னவில்லை" என்று கண்ணேறு கழிக்கிறோம். கண்ணேறு பட்டது குழந்தைக்கல்ல, நம் கணக்குக்குத்தான்.

இன்னொன்று. இரண்டு வயதுப் பிள்ளை, பழக்கமில்லாத பண்டத்தைக் கண்டால் பயந்து ஒதுக்கும். நடக்கக் கற்றுக்கொண்ட பிள்ளை கண்ட காயையும் இலையையும் வாயில் போட்டுக்கொள்ளாதபடி அதைக் காப்பாற்றும் பயம் இது என்பது அறிவாளர் கருத்து. ஒரு புதுப் பண்டத்தைப் பத்துப் பதினைந்து தடவை கண்ணிலும் வாயிலும் பட்ட பிறகுதான் பல குழந்தைகள் ஏற்றுக்கொள்ளுகின்றன என்று ஆராய்ச்சிக்காரர்கள் கண்டிருக்கிறார்கள். நாமோ இரண்டு தடவை கொடுத்துப் பார்த்துவிட்டு, "இதற்குக் கீரையே ஆகாது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் பத்து ஊர் அலைகிற நாம், ஒரு கீரையைக் குழந்தைக்குப் பத்துத் தடவை அறிமுகம் செய்யக்கூடாதா?

சிக்காகோவில் ஒரு பரீட்சை

இந்த விஷயத்தில் ஒரு பெரிய பரீட்சை நடந்திருக்கிறது. அமெரிக்காவில் சிக்காகோ நகரத்தில் கிளாரா டேவிஸ் என்னும் பெண் டாக்டர் சில ஆண்டுகள் அதை நடத்தினார். தாய்ப்பால் மறக்கும் பருவத்துக் குழந்தைகள் 15 பேர். அவர்கள் முன் கறி, மீன், முட்டை, தானியம், காய், பழம், பால் என்று பலவகைப் பண்டங்களைத் தனித்தனிக் கிண்ணங்களில் வைத்தார். பக்கத்தில் கரண்டியோடு தாதி உட்கார்ந்திருப்பாள். ஆனால் அவள் "இதைத் தின்" என்று சொல்லக்கூடாது. "அதைத் தின்னாதே" என்றும் சொல்லக்கூடாது. குழந்தை கையை நீட்டினால் மட்டுமே ஊட்டவேண்டும். குழந்தைகள் ஒரு நாள் ஒன்றையே தின்றன. மறுநாள் வேறொன்றுக்குப் போயின. ஒருவர் தின்றது போல் மற்றொருவர் தின்னவில்லை. ஆனால் எல்லாக் குழந்தைகளும் நன்றாய் வளர்ந்தன. எலும்பு நோயோடு வந்த ஒரு குழந்தை, பக்கத்தில் வைத்திருந்த மீனெண்ணெயைத் தானாகவே குடித்து வந்து, நோய் தீர்ந்த பிறகு அதை விட்டுவிட்டதாம்!

இதைக் கேட்டவுடன், "அப்படியானால் பிள்ளை கேட்கிற மிட்டாயை வாங்கிக் கொடுத்துவிடலாம்" என்று எண்ணிவிடாதீர்கள். அந்தக் கிண்ணங்களில் மிட்டாய் இல்லை, பிஸ்கோத்து இல்லை, பொட்டலத் தீனி இல்லை. எதை வைப்பது என்பதைப் பெரியவர்கள் தீர்மானித்தார்கள். அதில் எவ்வளவு தின்பது என்பதைக் குழந்தைகள் தீர்மானித்தன. டேவிஸ் அம்மையார் தாமே இதை அழுத்திச் சொல்லியிருக்கிறார். இந்தப் பரீட்சையின் சாரம் முழுவதும் இதுதான்.

ஆகவே நாம் சொல்லுவது இதுதான்: என்ன சமைப்பது, எப்போது வைப்பது, எங்கே உட்கார வைப்பது என்பவை பெரியவர்கள் பொறுப்பு. தின்பதா வேண்டாமா, எவ்வளவு தின்பது என்பது குழந்தையின் உரிமை. நம் வீடுகளில் இது தலைகீழாக இருக்கிறது. என்ன பண்டம் என்பதைக் குழந்தை அழுது தீர்மானிக்கிறது. எவ்வளவு என்பதை நாம் மூக்கைப் பிடித்துத் திணித்துத் தீர்மானிக்கிறோம்.

அடித்து ஊட்டுகிறோம். கைப்பேசியில் பொம்மையைக் காட்டி, தான் தின்பது இன்னதென்று தெரியாதபடி ஊட்டுகிறோம். இல்லாவிட்டால் "பூச்சாண்டி வருகிறான்" என்று மிரட்டி ஊட்டுகிறோம். பூச்சாண்டிக்குப் பயந்து சோறு விழுங்கிய பிள்ளை, பெரியவனானதும் பூசாரிக்கும் ஜோசியனுக்கும் பயப்படுகிறான் என்றால் அதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? மூடநம்பிக்கையின் முதல் கவளத்தை நாமே ஊட்டிவிட்டு, பின்னால் மேடை போட்டு அதை ஒழிக்கிறோம் என்றால் ஒழியுமா? தன் வயிறு நிறைந்தது என்று சொல்ல ஒரு குழந்தைக்கு உரிமை வேண்டும். சுயமரியாதை என்பது அங்கே ஆரம்பிக்கிறது.

என்ன கொடுப்பது?

"உரிமை எல்லாம் சரி, ஐந்தரை மணிக்கு ஆலை வண்டி வந்துவிடுகிறது, நான் எப்போது குழந்தைக்கென்று தனியாய்ச் சமைப்பது?" என்று அந்தத் தாயார் கேட்டார். நியாயமான கேள்வி. தனியாய்ச் சமைக்கவே வேண்டாம் என்பதுதான் பதில். ஆறு மாதம் நிறையும் வரை தாய்ப்பால் மட்டுமே போதும். ஆறு மாதம் நிறைந்ததும் நாள், நட்சத்திரம், கோயில் என்று காத்திராமல் உணவைத் தொடங்கிவிட வேண்டும். ஒரு வயதானதும் வீட்டுச் சோறுதான் குழந்தைக்கும் சோறு. மிளகாயும் உப்பும் சேர்க்குமுன் அதில் ஒரு கரண்டி எடுத்து வைத்தால் போதும்.

பருப்பு வேகும்போதே ஒரு கைப்பிடி முருங்கைக் கீரையை உருவிப் போடுங்கள். குழைந்த சோற்றில் அந்தப் பருப்பையும் கீரையையும் பிசைந்து, ஒரு தேக்கரண்டி கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ விட்டால் அது ஒரு வேளைச் சாப்பாடு. இதற்குத் தனி அடுப்பு வேண்டியதில்லை. முருங்கைக்குப் பேர் போன அரவக்குறிச்சி நமக்குப் பக்கத்தில் இருக்கிறது. வீட்டுக்கு ஒரு மரம் கொல்லையில் நிற்கிறது. நாம் அந்தக் கீரையை ஆட்டுக்குப் போட்டுவிட்டு, குழந்தைக்குச் "சத்து மாவு டப்பா" வாங்கக் கடன் வாங்குகிறோம்.

தோசைக் கல் காய்ந்திருக்கும்போது ஒரு முட்டையை உடைத்து மாவின் மேல் ஊற்றினால் இரண்டு நிமிஷத்தில் முட்டைத் தோசை. அவித்த முட்டையைச் சோற்றில் மசித்தால் அதுவும் ஒரு வேளை. "முட்டை சூடு, வாழைப்பழம் சளி, கீரை மாந்தம், தயிர் குளிர்ச்சி" என்று ஒன்றன் பின் ஒன்றாய்த் தள்ளிக்கொண்டே வந்தால், கடைசியில் குழந்தைக்கு மிஞ்சுவது தேநீரும் பிஸ்கோத்தும்தான். அது மட்டும் சூடும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை போலிருக்கிறது!

நம் மேட்டு நிலத்துக் கம்பையும் கேழ்வரகையும் மறந்துவிட்டோம். நூறு கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து ஏறக்குறைய 350 மில்லி கிராம் இருக்கிறது. அதே அளவு அரிசியில் பத்து மில்லி கிராம் அளவுதான். கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, வறுத்து அரைத்து வைத்துக்கொண்டால் ஐந்து நிமிஷத்தில் கஞ்சி ஆகும். முளைகட்டிய மாவு கெட்டியாய்ப் போட்டாலும் இளகி நிற்கும். கஞ்சி, கரண்டியைச் சாய்த்தால் தண்ணீராய் ஓடக்கூடாது. ஓடுகிற கஞ்சி வயிற்றை நிரப்புமே ஒழிய உடம்பை வளர்க்காது. அதில் வறுத்த நிலக்கடலைப் பொடி ஒரு கரண்டி கலக்கலாம். முழுக் கடலையை மட்டும் ஐந்து வயது வரை கொடுக்காதீர்கள். கம்பஞ்சோற்றில் தயிர் விட்டுப் பிசைந்தால் மத்தியானச் சாப்பாடு. ஒரு சிறுமலை வாழைப்பழமோ பப்பாளித் துண்டோ மாலைத் தீனி. அங்கன்வாடியில் தருகிற இணை உணவு மாவை வாங்கி மாட்டுக்குக் கரைத்து ஊற்றுகிற தோழர்களும் உண்டு. அதை வெந்நீரிலோ பாலிலோ பிசைந்து உருண்டையாய்ப் பிடித்தால் அடுப்புக்கூட வேண்டாம்.

ஒன்றிலிருந்து இரண்டு வயதுக் குழந்தைக்கு வேளைக்கு முக்கால் கிண்ணம் முதல் ஒரு கிண்ணம், நாளுக்கு மூன்று நாலு வேளை, நடுவில் ஒன்றிரண்டு சிறு தீனி, இவ்வளவுதான் தேவை. கிண்ணம் என்றால் கால் லிட்டர்க் கிண்ணம். ஒரு வயதுக்கு மேல் பசும்பால் நாளுக்கு அரை லிட்டருக்குள் நிற்கவேண்டும். அதற்கு மேல் போனால் பால் பசியைத் தின்றுவிடும். இரும்புச் சத்தும் குறைந்துபோகும். தேநீர் ஒரு சொட்டும் வேண்டாம். அது சோற்றில் உள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. கீரையோடு கொஞ்சம் எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் அந்தச் சத்து நன்றாய்ச் சேரும்.

எல்லோரும் உட்கார்ந்து தின்னும்போது குழந்தையையும் ஒரு தட்டோடு உட்காரவையுங்கள். கொஞ்சமாய் வையுங்கள், கேட்டால் மேலும் வையுங்கள். கையால் அள்ளித் தின்னட்டும், சிந்தினால் துடைத்துக்கொள்ளலாம். இருபது முப்பது நிமிஷத்துக்கு மேல் போராட வேண்டாம். தின்னாவிட்டால் கோபமில்லாமல் தட்டை எடுத்துவிட்டு, அடுத்த வேளை வரை தண்ணீர் தவிர வேறொன்றும் கொடுக்காதீர்கள். தாய்ப்பால் குடிக்கிற பிள்ளையானால் அதை நிறுத்த வேண்டியதில்லை.

குறி சொல்லாது, தராசு சொல்லும்

இவ்வளவு செய்தும் குழந்தை நன்றாய் இருக்கிறதா இல்லையா என்பதை எப்படித் தெரிந்துகொள்ளுவது? அதற்குப் பூக்கட்டிப் பார்க்க வேண்டாம். தராசில் வைத்துப் பாருங்கள். 1980இல் உலக வங்கிக் கடனைக்கொண்டு தமிழ்நாட்டில் ஒருங்கிணைந்த சத்துணவுத் திட்டம் ஒன்று நம் பக்கத்தில்தான், மதுரை ஜில்லா கொட்டாம்பட்டி வட்டாரத்தில்தான் தொடங்கப்பட்டது. அப்போது குஜிலியம்பாறையும் அதே ஜில்லாவைச் சேர்ந்தது; திண்டுக்கல் தனி ஜில்லாவானது 1985இல்தான். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்தார்கள். எடை ஏறாத பிள்ளைகளுக்கு மட்டும் குறைந்தது 90 நாள் சத்துருண்டை கொடுத்தார்கள். எடை ஏறியதும் நிறுத்திவிட்டார்கள். தாய்மார்களுக்கு எடை அட்டையைக் காட்டி விளக்கினார்கள். கடுமையாய் மெலிந்த குழந்தைகளின் தொகை நன்றாய்க் குறைந்தது. பிறகு 1982 ஜூலையில் இரண்டு வயதுக் குழந்தை முதற்கொண்டு சத்துணவு வந்தது. இன்றும் அங்கன்வாடியில் தராசு இருக்கிறது, சோறு இருக்கிறது, முட்டை இருக்கிறது. மந்திரிப்பவர் வீட்டுக்குப் போகிற கால் அங்கே போவதில்லை.

2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கில், தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தச் சோகை என்று கண்டிருக்கிறது. இரத்தம் குறைந்தால் பசி குறையும். பசி குறைந்தால் இரத்தம் இன்னும் குறையும். இதைத்தான் நம்மவர்கள் தொக்கம் என்கிறார்கள்! மண்ணைத் தின்னும் பிள்ளை, வெளுத்துச் சோர்ந்த பிள்ளை, இரண்டு மூன்று மாதமாய் எடை ஏறாத பிள்ளை, விழுங்கும்போதெல்லாம் புரையேறும் பிள்ளை, ஓயாமல் வாந்தியோ பேதியோ உள்ள பிள்ளை ஆகியவர்களை உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோங்கள். இரும்புச் சத்து மருந்தும் பூச்சி மாத்திரையும் அங்கே காசில்லாமல் கொடுக்கிறார்கள்.

நாம் முதலில் சொன்ன குழந்தையின் கதையும் அதுவே. கிராமச் சுகாதாரச் செவிலியர் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், வெளுத்திருந்தது. இரத்தம் சோதித்தார்கள், குறைவு. மருந்து கொடுத்தார்கள். பால் புட்டியும் தேநீரும் நின்றன. பொட்டலத் தீனி வாங்கும் ஐந்து ரூபாய் முட்டைக்குப் போயிற்று. முதல் நாலைந்து நாள் வீடே அதிர அழுதது என்று அப்பத்தா சொன்னார். மூன்றாம் மாதம் எடை ஏறிற்று. "கயிற்றை அறுக்கட்டுமா?" என்று அந்த அம்மையாரே கேட்டார். "அறுத்துவிடுங்கள் அம்மா, கழுத்தில் சிக்கினால் ஆபத்து" என்றோம். அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. கணக்குச் சரியாயிற்று, அவ்வளவுதான்.

கடைசியாக, ஆண்களாகிய நமக்கு ஒரு வார்த்தை. குழந்தை தின்னாவிட்டால் தாயைத் திட்டுகிற தோழர்களில் எத்தனை பேர் ஒரு வேளையாவது அந்தக் குழந்தைக்குச் சோறு பிசைந்து பக்கத்தில் உட்கார்ந்திருப்போம்? பெண் விடுதலை பற்றி மாலையில் பொதுக்கூட்டத்தில் கைதட்டிவிட்டு, இரவு வீட்டுக்கு வந்து "பிள்ளைக்குச் சோறு ஊட்டத் தெரியாதவள்" என்று பெண்டாட்டியை ஏசினால் அது யோக்கியமாகுமா? முருங்கைக் கீரை உருவுவதற்கு மீசை தடையா? ஆலை வண்டி ஐந்தரை மணிக்கு அவளுக்கு வருகிறதென்றால், ஆறு மணிக்கு அடுப்படியில் நாம் நிற்போமே!

ஆகவே தோழர்களே, நாளைக்கு உங்கள் வீட்டுக் குழந்தை தலையைத் திருப்பிக்கொண்டால், ஊதுகுழல்காரரைத் தேடி ஓடாதீர்கள். காலையிலிருந்து அதற்கு என்ன கொடுத்தோம் என்று எண்ணிப் பாருங்கள். இந்த மாதம் எடை பார்த்தோமா என்று அட்டையை எடுத்துப் பாருங்கள். குழந்தையின் வயிற்றில் தொக்கம் இல்லை. நம் மூளையில் தலைமுறை தலைமுறையாகச் செரிக்காமல் கிடக்கிறதே, அதுதான் தொக்கம். அதை எடுக்கக் கூலி வேண்டாம். கொஞ்சம் அறிவை உபயோகித்தால் போதும்.